சிறிய கிறிஸ்தவக் கெம்பஸின் சொற்களும் வழக்கங்களும்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து கேட்கிறேன். மகளுக்கு அமெரிக்காவில் ஒரு சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கிருந்து வரும் மின்னஞ்சல்களில் சேப்பல் கிரெடிட், கொன்வகேஷன், கவனன்ட், ஓப்பன் அவர்ஸ் என்று என்னென்னவோ சொற்கள். சீனியர் பிள்ளைகள் கவுன், ஏஞ்சல், கயிறிழுப்பு என்றெல்லாம் எழுதுகிறார்கள். நாங்கள் சைவக் குடும்பம். இவற்றில் எது கட்டாயம், எது சும்மா?

பதில்:

அந்தச் சொற்களை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். சிலவற்றின் பின்னால் விதியும் தண்டனையும் இருக்கின்றன. தவறினால் அடுத்த தவணைக்குப் பதிய முடியாது, சிலவேளை விசாவே போய்விடும். மற்றவை ஊர்த் திருவிழா மாதிரி: போனால் சந்தோஷம், போகாவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தொல்லை என்னவென்றால், மின்னஞ்சலில் இரண்டும் ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டுதான் வரும்.

முதலில் நமக்குத் தெரிந்த சொல் என்று நினைத்து ஏமாறும் இடங்கள். நம்மூரில் கொன்வகேஷன் என்றால் பட்டமளிப்பு விழா. அங்கே அது வருடத் தொடக்கத்தில் எல்லோரையும் கூட்டி நடத்தும் சபை. சில இடங்களில் தவணை முழுக்க நடக்கும் சொற்பொழிவு, கச்சேரி வரிசைக்கும் அதே பெயர். பட்டமளிப்புக்குக் ‘கொமென்ஸ்மென்ட்’ என்பார்கள், அதாவது தொடக்கம். ஆகஸ்டில் கொன்வகேஷன் அழைப்பு வந்ததும் பெற்றோர் விமானச் சீட்டுப் பார்க்கத் தேவையில்லை. நமக்குக் கல்லூரி என்றால் பாடசாலை. அங்கே கொலேஜ்தான் பட்டம் கொடுக்கும் இடம், அதையே ‘ஸ்கூல்’ என்றும் சாதாரணமாகச் சொல்வார்கள். ஃபெகல்ட்டி என்றால் நமக்குப் பீடம், அவர்களுக்கு ஆசிரியர் கூட்டம். சிலபஸ் நமக்கு அரசாங்கம் போடும் பாடத்திட்டம். அங்கே ஒவ்வொரு ஆசிரியரும் முதல் வகுப்பில் கொடுக்கும் தாள். எந்தத் திகதியில் எந்த ஒப்படை, எதற்கு எத்தனை வீதம், எத்தனை நாள் வராவிட்டால் புள்ளி குறையும், எல்லாம் அதில் இருக்கும். நம் பிள்ளைகள் அதைப் பையில் மடித்து வைத்துவிட்டுக் கடைசிப் பரீட்சைக்காகக் காத்திருக்கிறார்கள். அங்கே கடைசிப் பரீட்சை மொத்தப் புள்ளியில் ஒரு பங்குதான். உயர்தரம் மாதிரி கடைசி மூன்று மாதத்தில் எழும்பிப் படித்துப் பிடித்துவிடலாம் என்று நினைத்தால், அதற்குள் பாதிப் புள்ளி போயிருக்கும்.

பெட்ச் கணக்கும் தலைகீழ். நாம் உள்ளே போன வருடத்தையோ உயர்தரம் எழுதிய வருடத்தையோ சொல்வோம். அவர்கள் வெளியே வரப்போகும் வருடத்தைச் சொல்வார்கள். 2026இல் சேர்கிற பிள்ளை ‘கிளாஸ் ஒஃப் 2030’. முதலாம் வருடம் ஃப்ரெஷ்மன், பிறகு சொஃபமோர், ஜூனியர், சீனியர். சீனியர் என்றால் நான்காம் வருடம் மட்டும். நம்மைப் போல மேலே இருக்கிற எல்லோரும் அல்ல.

இனிச் சேப்பல். சேப்பல் என்பது கட்டடத்தின் பெயர் மட்டும் அல்ல, அங்கே நடக்கும் கூட்டத்துக்கும் அதுதான் பெயர். ‘சேப்பலுக்குப் போனாயா’ என்றால் அன்றைய வழிபாட்டுக்கு வந்தாயா என்று அர்த்தம். சில கல்லூரிகளில் அது விருப்பம்: மிச்சிகனில் உள்ள ஹோப் கல்லூரியில் திங்கள், புதன், வெள்ளி என்று நடக்கும், வரச்சொல்லிக் கட்டாயம் இல்லை. வேறு சில இடங்களில் தவணைக்கு இத்தனை முறை என்று எண்ணிக்கை உண்டு. அதுதான் சேப்பல் கிரெடிட். பட்டத்துக்கான கிரெடிட்டோடு இதைக் குழப்பக்கூடாது. இதற்குப் புள்ளி இல்லை, வரவு மட்டும்தான்.

வரவு எடுக்கும் முறையைத் தோட்டத்துப் பாஷையில் சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் களத்தில், நின்று பேர் போடுகிற மாதிரிதான். வாசலில் ஐ.டி. கார்டை இயந்திரத்தில் காட்ட வேண்டும், அல்லது போனில் ஒரு குறியைத் தட்ட வேண்டும். ஆனால் இங்கே அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு, கிடையாது. ஐந்து நிமிடம் பிந்திக் கதவு மூடினால் அன்றைக்குப் பேர் இல்லை. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இரண்டு தடவை காட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. இரண்டாவதை மறந்தால் முழுநாளும் வீண். கணக்கை முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். உதாரணத்துக்கு, 15 வாரத் தவணையில் வாரம் மூன்று சேப்பல் என்றால் 45. கல்லூரி கேட்பது 30 என்றால் 15 விடலாம். அந்தப் பதினைந்தையும் முதல் மாதத்தில் தூக்கத்துக்குக் கொடுத்துவிடுவதுதான் வழக்கமான பிழை. காய்ச்சலும் பரீட்சை வாரமும் வரும்போது கையில் எதுவும் மிஞ்சாது. எண்ணிக்கை குறைந்தால் இடத்துக்கு இடம் ஒரு மாதிரி: தண்டப்பணம், சமூக வேலை, அல்லது பெயர்மேல் ஒரு ‘ஹோல்ட்’. ஹோல்ட் விழுந்தால் அடுத்த தவணைப் பாடங்களுக்குப் பதிய முடியாது. மற்றப் பிள்ளைகள் நல்ல நேரங்களைப் பிடித்த பிறகு மிச்சம்தான் கிடைக்கும். ஆய்வுகூட வகுப்பு அதே நேரத்தில் விழுந்தால் விலக்குக் கேட்கலாம், ஆனால் தவணைத் தொடக்கத்தில் கேட்க வேண்டும். தோழியின் கார்டைத் தான் காட்டுவது உதவி இல்லை, பொய்க் கையெழுத்து, அப்படித்தான் விசாரிப்பார்கள்.

சைவப் பிள்ளை உள்ளே என்ன செய்வது? செருப்பைக் கழற்றத் தேவையில்லை. கழற்றினால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் எழுந்தால் எழுவது, இருந்தால் இருப்பது போதும். முழங்காலிடுவதும் பாடுவதும் அவள் இஷ்டம். கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: நற்கருணை. வரிசையாக எழுந்து போய்க் கை நீட்டுவதைப் பார்த்தால் கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரித் தெரியும், நம் பிள்ளைகள் மரியாதைக்காகப் பின்னாலேயே போய்விடுவார்கள். அது எல்லோருக்கும் கொடுக்கும் பிரசாதம் அல்ல, ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குரியது. இருக்கையிலேயே இருந்துவிடலாம், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். எபிஸ்கோப்பல் திருச்சபையில், அதாவது நம்முடைய அங்கிலிக்கன் சபையின் அமெரிக்கக் கிளையில், இன்னொரு வழியும் உண்டு: வரிசையில் போய் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றால் குரு அப்பம் தராமல் ஆசீர்வாதம் மட்டும் சொல்லுவார். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வருகிறவர்களைப் பார்த்தால் பிள்ளைக்கு ஊர் ஞாபகம் வரும். போன வருடக் குருத்தோலையை எரித்து எடுத்த சாம்பல் அது. பட்டையாக இல்லை, சிலுவையாக இடுவார்கள்.

கவனன்ட்தான் நீங்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய தாள். ‘எங்கள் சமூகமாக நாங்கள் வாழும் விதம்’ என்று இனிப்பாக எழுதியிருக்கும், கீழே கையெழுத்துக் கேட்கும். அது ஒப்பந்தம். மது, புகை, திருமணத்துக்கு முந்திய உறவு, சில இடங்களில் நடனம்கூட அதில் வரும். இலினோயில் உள்ள வீட்டன் கல்லூரி மாணவர் நடனத்துக்கான தடையை எடுத்ததே 2003இல்தான். வயது 21 ஆகிவிட்டது, நாட்டுச் சட்டம் குடிக்க விடுகிறது என்று வாதாட முடியாது. கையெழுத்து வைத்தது கல்லூரி விதிக்கு. பிள்ளை வேறு சமயம் என்பதால் விசுவாச அறிக்கையிலும் கையெழுத்துக் கேட்கிறார்களா என்று தனியாகப் பாருங்கள். கேட்டால், நம்பாத ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டாம். அனுமதிக் காரியாலயத்துக்கு எழுதி, சைவப் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஓப்பன் அவர்ஸ் என்பது விடுதி அறைக்கு ஆண் பெண்ணும், பெண் ஆணும் வரக்கூடிய நேரம். கதவு திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கால் தரையில் இருக்க வேண்டும் என்று நுணுக்கமாகப் போட்டிருக்கும் இடங்கள் உண்டு. நம் பெற்றோருக்கு இது நிம்மதி தரும் என்பதால் அதிகம் சொல்லவில்லை. விடுதியை அங்கே ஹொஸ்டல் என்று சொல்லக்கூடாது, அது பயணிகள் தங்கும் இடம். டோர்ம் அல்லது ரெசிடென்ஸ் ஹோல். ஒவ்வொரு மாடிக்கும் ஆர்.ஏ. என்று ஒரு மூத்த மாணவர் இருப்பார். நம்மூர் உப வார்டன் செய்யும் வேலையில் பாதியை அவர் பார்ப்பார். சாவி தொலைந்தாலும் இரவில் காய்ச்சல் என்றாலும் முதலில் அவர் கதவைத்தான் தட்ட வேண்டும்.

குப்பி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நல்ல பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள். பேராதனையில் படித்தவர்களுக்குத் தெரியும்: சீனியர் அக்காவோ பெட்ச் நண்பனோ இரவில் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பது குப்பி, நம் கெம்பஸ் வாழ்க்கையில் இருக்கிற ஆக நல்ல பழக்கம் அது. அங்கேயும் சேர்ந்து படிக்கலாம். ஆனால் ‘ஒனர் கோட்’ என்று ஒன்று இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன், களவெடுக்கமாட்டேன், பரீட்சையில் ஏமாற்றமாட்டேன் என்று முதல் வாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதை நம்பி, மேற்பார்வையாளர் இல்லாமலே பரீட்சை வைக்கும் இடங்களும் உண்டு. ‘டேக்-ஹோம்’ என்று வினாத்தாளை அறைக்கே கொடுத்துவிட்டால், அந்த நிமிடத்தில் இருந்து குப்பி குற்றம். விடையைக் காட்டத் தேவையில்லை, ‘மூன்றாவது கேள்விக்கு எந்த அத்தியாயம்’ என்று கேட்டதே போதும். போன வருட வினாத்தாளைக் கைமாற்றுவதும் ஆசிரியர் அனுமதி இல்லாவிட்டால் பிரச்சினைதான். எதில் சேர்ந்து செய்யலாம், எதில் கூடாது என்று ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்பதை யாரும் அசட்டுத்தனமாக நினைப்பதில்லை.

விசாவைத் தொடும் எண்கள் மூன்று. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளமாணிப் பட்டம் படிக்கிறவர் தவணைக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். அதில் ஒன்லைனில் நடக்கும் பாடம் ஒன்று, அதாவது 3 கிரெடிட்டுக்கு மேல், கணக்கில் சேராது. படிப்பு நடக்கும் காலத்தில் கெம்பஸுக்குள் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. முதலாம் கல்வியாண்டில் கெம்பஸுக்கு வெளியே சம்பளத்துக்கு வேலை கிடையாது, நம் ஆட்களின் கடையானாலும் சரி. பிழை எங்கே நடக்கிறது என்றால், 12இல் நிற்கிற பிள்ளைக்குக் கணிதம் கடினமாக இருக்கும், ஆசிரியர் நல்ல மனதோடு ‘விட்டுவிடு, டபிள்யூ மட்டும்தான் விழும்’ என்பார், அதாவது பாடத்தை இடையில் விட்டதற்கான குறி. ஆசிரியருக்கு விசா தெரியாது. பாடத்தை விடும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் சர்வதேச மாணவர் காரியாலயத்தில் அனுமதி வாங்க வேண்டும். அழுத்திய பிறகு போனால் பிந்திவிட்டது. முதல் தவணையில் 12 எடுக்காமல் 14, 15 எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

இனிப் பயப்படத் தேவையில்லாத பக்கம். பகிடிவதை ஞாபகத்தில் இருக்கிற குடும்பங்களுக்கு ‘பாரம்பரியம்’ என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியும் தீர்ந்தபாடில்லை. அங்கே அதற்குப் பெயர் ஹேஸிங். அனேக மாநிலங்களில் அதற்கு எதிராகச் சட்டம் உண்டு. வித்தியாசம் பார்க்க ஒரே கேள்வி போதும்: வரமாட்டேன் என்றால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது என்றால் விளையாட்டு.

ஹோப் கல்லூரியின் கயிறிழுப்பை எடுங்கள். ‘த புல்’ என்பார்கள், 1898இல் இருந்து நடக்கிறது. பிளக் ரிவர் என்ற ஆற்றின் ஒரு கரையில் முதலாம் வருடம், மறு கரையில் இரண்டாம் வருடம். நின்று இழுப்பதில்லை, ஆளுக்கொரு குழி வெட்டி அதில் காலை ஊன்றிப் படுத்துக்கொண்டு இழுப்பார்கள், மணித்தியாலக் கணக்கில். முதலாம் வருடத்தைப் பழக்குவது மூன்றாம் வருடம், இரண்டாம் வருடத்தைப் பழக்குவது நான்காம் வருடம். அதனால் ஒற்றை வருடக்காரர் ஒரு கட்சி, இரட்டை வருடக்காரர் மறு கட்சி என்று பட்டம் முடிந்த பிறகும் பேசிக்கொள்வார்கள். இந்தியானாவில் உள்ள டெய்லர் பல்கலைக்கழகத்தில் ‘சைலன்ட் நைட்’: டிசம்பரில் இறுதிப் பரீட்சை வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை கூடைப்பந்துப் போட்டி. அரங்கம் முழுக்க வேஷம் போட்ட மாணவர், ஒரு சத்தம் கிடையாது. பந்து தரையில் படும் ஒலி மட்டும் கேட்கும். டெய்லர் அணி பத்தாவது புள்ளியைப் போட்ட நொடியில் கூரை பறக்கும். முடிவில் தோளில் கைபோட்டுக்கொண்டு ‘சைலன்ட் நைட்’ என்ற நத்தார்ப் பாடலைப் பாடுவார்கள். இந்த டெய்லர் மெதடிஸ்ட் பேராயர் வில்லியம் டெய்லர். நம் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் அல்ல.

கவுனும் ஏஞ்சலும் சவானிப் பல்கலைக்கழகத்து வழக்கங்கள். முழுப்பெயர் யுனிவர்சிட்டி ஒஃப் த சவுத், டென்னசி மாநிலத்தில் கம்பர்லாண்ட் மேட்டுநிலத்தின் மேல், சுமார் 13,000 ஏக்கர் காட்டுக்கு நடுவில். நுவரெலியா மாதிரி மூடுபனி இறங்கும் இடம். எபிஸ்கோப்பல் திருச்சபையின் 28 மறைமாவட்டங்களுக்குச் சொந்தம். பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் தலைவருக்குப் பிரெசிடென்ட் என்று பெயர். சவானியில் நம்மைப் போல உபவேந்தர்தான் நடத்துகிறார், வேந்தர் ஒரு பேராயர். தவணைப் பெயர்கள்கூடத் திருச்சபைக் காலண்டரில் இருந்து வந்தவை: முதல் தவணை அட்வென்ட், இரண்டாவது ஈஸ்டர். அட்வென்ட் என்ற திருவருகைக் காலம் நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள்தான். தவணை தொடங்குவதோ ஆகஸ்டில். ‘ஈஸ்டர் தவணைக் கட்டணம்’ என்று கண்டால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம், அது ஜனவரிக் கட்டணம்.

அங்கே படிப்பில் தேறிய மாணவர் கறுப்புக் கவுன் அணிந்து வகுப்புக்கு வரலாம். ஆசிரியரும் அணிந்து படிப்பிப்பார்கள். கவுன் மூத்த மாணவரிடம் இருந்து கைமாறி வருவதுதான் பெருமை. கிழிந்து, நூல் தொங்கி, பாதி இல்லாத கவுனுக்குத்தான் மதிப்பு அதிகம். ஏஞ்சல் என்பது இது: கல்வாசலைத் தாண்டிக் காரில் வெளியே போகும்போது கையை உயர்த்திக் கூரையைத் தட்டினால் ஒரு காவல் தூதர் கூடவே வருவாராம், திரும்பி வரும்போது மறுபடி தட்டி விட்டுவிட வேண்டும். பிரயாணத்துக்கு முன்னால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற நமக்கு இது புதிதில்லை.

ஆனால் இந்த அழகுக்குப் பின்னால் இருப்பதையும் மலையகத்துப் பிள்ளை தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1857இல் சவானியைத் தொடங்கியவர்கள் தென் மாநிலப் பண்ணைத் துரைமாரும் அவர்களின் பேராயர்களும். அவர்களில் முன்னணியில் நின்ற லியோனிடாஸ் போல்க் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர், பேராயர் அங்கியைக் கழற்றாமலே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காக நின்ற தென்படையின் ஜெனரலாகிச் செத்தவர். போருக்குப் பிறகு 1868இல் 9 மாணவர்களோடு திறந்தார்கள். அந்தத் தென் தரப்பைப் போற்றிவந்த தங்கள் பழைய வழக்கத்தை நிராகரிப்பதாக நிர்வாக சபை 2020இல் அறிக்கை விட்டது. அங்கே ‘பிளான்டேஷன்’ என்ற சொல் காதில் விழும்போது நம் லயமும் பெரட்டுக் களமும் நினைவுக்கு வந்தால் அது பிழையில்லை. அதே காலத்தில், 1855இல், கென்டக்கியில் ஜோன் ஃபீ என்ற அடிமைமுறை எதிர்ப்பாளர் தொடங்கியது பெரியா கல்லூரி. பெயர் வேதாகமத்துப் பெரோயா பட்டணத்தில் இருந்து. எல்லா ஜனங்களும் ஒரே இரத்தம் என்பது அதன் வாசகம். கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படித்தார்கள். 1904இல் கென்டக்கி அரசு சட்டம் போட்டு அதைப் பிரித்தது. மறுபடி சேர 1950 ஆனது. 1892இல் இருந்து பெரியா கற்பித்தல் கட்டணம் வாங்குவதில்லை. பதிலுக்கு எல்லா மாணவரும் வாரம் குறைந்தது 10 மணித்தியாலம் கல்லூரி வேலை செய்ய வேண்டும். அதற்குச் சம்பளமும் உண்டு, தனிப் பெறுபேற்றுத் தாளும் உண்டு. ஒக்டோபரில் ஒரு நாள் வகுப்பை மூடிவிட்டு எல்லோரும் மலை ஏறுவார்கள், 1875இல் தொடங்கிய வழக்கம். மலை ஏறுவதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பிள்ளையா நம் பிள்ளை!

சில்லறைச் சொற்கள் சில. ‘ரிங் பை ஸ்ப்ரிங்’ என்றால் நான்காம் வருட வசந்தத்துக்குள் நிச்சயதார்த்த மோதிரம், கேலிப் பேச்சு. ‘டி.டி.ஆர்.’ என்பது நாம் நண்பர்களா அதற்கு மேலா என்று இருவர் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது. ‘எம்.கே.’ மிஷனரி வீட்டுப் பிள்ளை. இந்தியாவிலோ ஆபிரிக்காவிலோ வளர்ந்து சோறு சாப்பிடப் பழகியவர்கள் அவர்களில் இருப்பார்கள், முதல் தவணையில் நல்ல துணை. பெயர் விஷயத்தில், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். மாறி விழுந்தால் வகுப்பில் பிள்ளையை உங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ‘பிரிஃபர்ட் நேம்’ என்ற கட்டத்தில் அவள் பெயரைப் போட்டால் தீர்ந்தது.

கடைசியாக, விடுமுறை. நவம்பர் நான்காம் வியாழன் தேங்ஸ்கிவிங். அந்த வாரமும் நத்தார் விடுமுறையிலும் பல சிறிய கல்லூரிகளில் விடுதியைப் பூட்டுவார்கள், சாப்பாட்டு மண்டபமும் மூடும். உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளை தங்குவதற்கு முன்கூட்டியே ஒரு படிவம் நிரப்ப வேண்டும், நத்தாருக்குச் சில இடங்களில் தனிக் கட்டணமும் உண்டு. அந்தப் படிவத்துக்கு எப்போது முடிவுத் திகதி என்று பிள்ளையை ஆகஸ்டிலேயே ஆர்.ஏ.யிடம் கேட்கச் சொல்லுங்கள். நண்பர் வீட்டுக்கு அழைத்தால் தாராளமாகப் போகலாம். ஹட்டன் தேயிலை ஒரு பக்கெட் கையில் கொண்டுபோனால் போதும், பால் ஊற்றாமல் எப்படிக் குடிப்பது என்றுதான் கேட்பார்கள்.